பொடிக்கு மாறினால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 52. கொலஸ்ட்ரால் கூடியிருப்பதால் தேங்காயைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அன்று முதல் என் மனைவி தேங்காய்ச் சட்னி அரைப்பதையே நிறுத்திவிட்டார். நானும் இட்லிக்கு மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய் என்று மாறிக்கொண்டேன். ஆனால் நாக்கு கேட்கமாட்டேன் என்கிறது. தேங்காயில் கொலஸ்ட்ராலே கிடையாது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? கொழுப்பு குறைவாகவும், ருசி அப்படியே தேங்காய்ச் சட்னி மாதிரியும் இருக்கும் மாற்று உண்டா?
– வாசகர் ஒருவர், திருச்சி.

பதில்: தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி உங்களைத் தேற்றுகிறவர்கள் மீதியை மறைக்கிறார்கள். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவிடுவது நிறைவுற்ற கொழுப்பு. 100 கிராம் பச்சைத் தேங்காயில் சுமார் 33 கிராம் கொழுப்பு. அதில் 30 கிராம் அளவுக்கு இந்த வகைதான். சட்னியைத் தாராளமாக ஊற்றிக்கொள்கிறவர் தட்டில் 50 கிராம் தேங்காய் சுலபமாக விழுந்துவிடும். அதாவது 15 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சுமார் 22 கிராம். காலைப் பலகாரத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்துவிடுகிறது.

இனி உங்கள் பொடிக்கு வருகிறேன். இட்லிப் பொடியைக் குவித்து, நடுவில் குழித்து, பாட்டிலைச் சாய்த்து எண்ணெய் ஊற்றுகிறவர்தானே நீங்களும்? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 14 கிராம் கொழுப்பு, ஏறக்குறைய 120 கலோரி. அப்படி ஊற்றினால் இரண்டு கரண்டி போவது தெரியவே தெரியாது. நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு குறைவு என்பதால் கொலஸ்ட்ரால் கணக்கில் கொஞ்சம் தேறியிருப்பீர்கள். மொத்தக் கொழுப்பு ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. கூடியிருக்கவே வாய்ப்பு அதிகம். பொடி வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டி எண்ணெயை அளந்து, அதனோடு கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள்.

‘அப்படியே தேங்காய்ச் சட்னி மாதிரி’ என்ற நிபந்தனையை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தச் சட்னியின் ருசியே தேங்காய்ப்பாலின் கொழுப்புதான். அதை எடுத்துவிட்டுத் தயிரையும் தண்ணீரையும் ஊற்றி ஒப்பேற்றினால் ஒவ்வொரு வாயிலும் பழைய சட்னியின் நினைப்புதான் வரும். தேங்காயை நம்பாமலேயே ருசிக்கிற பண்டங்கள் நம் சமையலில் நிறைய இருக்கின்றன. அங்கே தேடுங்கள்.

என் ஓட்டு பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு. பிஞ்சுக் காயாக வாங்கி, ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் காயையே எறிந்துவிடுங்கள். நரம்பின் முனையை லேசாகச் சுரண்டிவிட்டு, தோலைச் சற்றுச் சதையோடு தடிமனாகச் சீவிப் பொடியாக நறுக்கவும். இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பையும் நான்கு வரமிளகாயையும் வெறும் வாணலியில் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, ஒரே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் பெருங்காயத்தைப் பொரித்து, தோலைப் போட்டு மூடி வதக்கவும். பச்சை வாசனை போய், தோல் சுருங்கிக் கரும்பச்சையாக வேண்டும்; அவசரப்பட்டால் துவையல் புல் மாதிரி வாடை அடிக்கும். ஆறிய பின் பருப்பு, மிளகாய், உப்பை முதலில் கொரகொரப்பாகப் பொடித்து, பிறகு தோலையும் சுண்டைக்காய் அளவு புளியையும் சேர்த்து, விட்டுவிட்டு அரைக்கவும். மையாக அரைத்தால் பாழ். வறுத்த உளுந்து பல்லில் கடிபடும் இடத்தில்தான் தேங்காய் இல்லாத குறை மறந்துபோகிறது. அந்த ஒரு கரண்டி எண்ணெயையும் நிறுத்திவிடலாமே என்று நினைக்காதீர்கள். பெருங்காய மணமும் மிளகாய்க் காரமும் எண்ணெயில்தான் இறங்கும். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு கிராம்தான் வரும்.

பொட்டுக்கடலைச் சட்னியும் நல்ல மாற்றுதான். 100 கிராம் பொட்டுக்கடலையில் கொழுப்பு 5, 6 கிராம்தான். பச்சை மிளகாய், இஞ்சி, கைப்பிடி கொத்தமல்லி, கொஞ்சம் புளி வைத்துக் கெட்டியாக அரைக்கலாம். வேர்க்கடலைச் சட்னியில் நிறைவுற்ற கொழுப்பு குறைவு என்றாலும் மொத்தக் கொழுப்பு தேங்காயைவிட அதிகம்; எடையும் குறைய வேண்டியிருந்தால் அதையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரம் பக்கத்துக் கத்தரிக்காய் கொத்சு, எண்ணெயைக் குறைத்துச் செய்தாலும் இட்லிக்கு அருமையாகப் பொருந்தும்.

டாக்டர் சொன்னது குறைக்கத்தான், அடியோடு நிறுத்த அல்ல. துவையலின் மேல் ஒரு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் தூவிக்கொண்டால் இரண்டு கிராம் கொழுப்புதான் கூடும். பண்டிகை நாளில் வெள்ளைச் சட்னியே அரைத்து, இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது: ‘மனைவி அரைப்பதையே நிறுத்திவிட்டார்.’ உங்கள் உடம்புக்காக அவரும் தன் சட்னியை விட்டிருக்கிறார். அவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பீர்க்கங்காயை நீங்களே வாங்கி வந்து, நீங்களே சீவி வதக்கி அரைத்து, அவருக்கு முதலில் பரிமாறுங்கள்.