புரோக்கர் இல்லாமல் வீட்டை விற்றால் கமிஷன் மிச்சமாகுமா?

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வு பெற்றவர்கள். மூட்டுவலியோடு மாடி ஏறி இறங்க முடியாமல் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வாடகைக்கு வந்துவிட்டோம். சொந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் மேல் வங்கிக் கடன் இன்னும் பாக்கி. வீட்டின் மதிப்பில் சுமார் 30 சதவீதம் இருக்கும். விற்றுவிடலாம் என்று இரண்டு புரோக்கர்களிடம் பேசினோம். இருவரும் கேட்பது 2 சதவீதக் கமிஷன். முதலாமவர் சொன்ன விலையைவிட இரண்டாமவர் 15 சதவீதம் கூடுதலாகச் சொல்கிறார். ஆனால் ஆறு மாதத்துக்கு வேறு யாரிடமும் போகக் கூடாது என்று கையெழுத்து கேட்கிறார். "நாமே விற்றால் அந்த 2 சதவீதமும் நமக்குத்தானே" என்கிறார் என் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கணவர் சொல்வது பாதி சரி, அம்மா. நீங்களே விற்க முடியும். அதற்குப் பெரிய ரகசியம் எதுவும் தேவையில்லை. ஆனால் அந்த 2 சதவீதம் முழுசாக உங்கள் கைக்கு வராது. எவ்வளவு வரும் என்பதை முதலில் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடுவோம்.

வீட்டின் விலை 100 என்று வையுங்கள். புரோக்கர் மூலம் விற்றால் 2 போய் 98 கிடைக்கும். நீங்களே விற்றால், வாங்க வருபவரும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டுதான் வருவார். "நடுவில் புரோக்கர் இல்லையே, அதில் பாதியையாவது குறையுங்கள்" என்பார். 1 போயிற்று. வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், விளம்பரம் எல்லாம் சேர்ந்து ஒரு அரை போகலாம். மிச்சம் அரை. இது உறுதியான கணக்கு இல்லை, பேரம் எப்படிப் போகிறதோ அதைப் பொறுத்து கூடும், குறையும். ஆனால் கையில் நிற்பது 2 அல்ல என்பது நிச்சயம்.

உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. பாக்கிக் கடன் 30-க்கு ஆண்டு வட்டி 8 சதவீதம் என்று வைத்தால், மாதம் 0.2 வட்டிக்கே போகிறது. மீதி 70 உங்கள் பணம். அது வீடாக நிற்காமல் 6 சதவீத வைப்புநிதியில் இருந்திருந்தால் மாதம் 0.35 வந்திருக்கும். ஆக, விற்பனை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் சுமார் 0.55 உங்களுக்கு நஷ்டம். நான்கு மாதம் தாமதித்தால் 2.2. அதாவது மிச்சப்படுத்த நினைத்த கமிஷன் முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். இதில் வீட்டு வரி, பராமரிப்பு, இப்போது கொடுக்கும் வாடகை எதையும் நான் சேர்க்கவில்லை. உங்கள் உண்மையான வட்டி விகிதத்தைப் போட்டு இதே கணக்கை ஒரு முறை நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இது வெறும் ஊகமும் அல்ல. அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1998 முதல் 2004 வரை நடந்த வீட்டு விற்பனைகளை இகல் ஹெண்டல், அவிவ் நெவோ, ஃபிரான்சுவா ஒர்ட்டாலோ-மாக்னே என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அலசி, 2009-இல் வெளியிட்டார்கள். உரிமையாளர்களே விற்ற வீடுகள் புரோக்கர் விற்றவற்றைவிடக் குறைந்த விலைக்குப் போய்விடவில்லை. ஆனால் விற்க அதிக நாள் பிடித்தது. சொந்தமாக முயன்றவர்களில் ஒரு பகுதியினர் கடைசியில் புரோக்கரிடமே போனார்கள். விலையில் தோற்க மாட்டீர்கள், நாட்களில் தோற்கலாம் என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன். குடியிருக்கும் வீட்டை விற்பவருக்கு நாட்கள் பெரிய விஷயமில்லை. பூட்டிய வீடும் கடனும் வைத்திருக்கும் உங்களுக்கு அதுதான் பெரிய விஷயம்.

சரி, அப்படியானால் புரோக்கரிடமே கொடுத்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அவருடைய நலனும் உங்கள் நலனும் முழுக்க ஒன்றல்ல. விலை 3 கூடினால் உங்களுக்கு ஏறத்தாழ 3 லாபம். அவருக்குக் கூடுவது 0.06 மட்டுமே. அதற்காக இன்னும் பத்து நாள் காத்திருக்க அவருக்கு என்ன அவசியம்? ஸ்டீவன் லெவிட்டும் சாட் சிவர்சனும் சிகாகோ பகுதி விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் எழுதியதும் இதைத்தான் காட்டுகிறது. புரோக்கர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது, வாடிக்கையாளர் வீடுகளைவிடச் சுமார் 9.5 நாள் அதிகம் காத்திருந்தார்கள், விலையும் சுமார் 3.7 சதவீதம் அதிகம் பெற்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கமிஷன் முறை அவர்களை அந்தப் பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் இரண்டாமவர் 15 சதவீதம் கூடுதலாகச் சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பெரிய விலையைச் சொன்னால் வீட்டுக்காரர் மனம் குளிர்ந்து கையெழுத்துப் போடுவார். வீடு அவர் கையில் கட்டுப்பட்டுவிடும். இரண்டு மாதம் கழித்து, "மார்க்கெட் டல்லாக இருக்கிறது, கொஞ்சம் இறங்கி வாருங்கள்" என்ற பேச்சு வரும். அதற்குள் உங்களுக்கு 1-க்கு மேல் போயிருக்கும். வீடும் ரொம்ப நாளாக விற்காத வீடு என்று பெயர் வாங்கியிருக்கும். அந்த விலைக்கு அண்மையில் பதிவான மூன்று விற்பனைகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் கையெழுத்து வேண்டாம்.

உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டி வாழ்ந்த வீட்டுக்கு நாம் போடும் மதிப்பு எப்போதுமே அதிகமாகத்தான் இருக்கும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குச் சாதாரண காபிக் கோப்பை ஒன்றைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள். கோப்பை கைக்கு வந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் அவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல். கோப்பைக்கே இப்படி என்றால், பிள்ளை வளர்ந்த வீட்டுக்குக் கேட்க வேண்டுமா? ஆகவே விலையை நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். புரோக்கரோ, வாங்க விரும்புபவரோ பரிந்துரைத்தவராக அவர் இருக்கக் கூடாது. கடந்த ஆறு மாதத்தில் அக்கம்பக்கத்தில் இதே அளவு, இதே வயதுள்ள வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் போடும் விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது கேட்கும் விலைதான்.

சந்தை விலைக்கு மேல் வைத்தால் இன்னொரு சிக்கலும் வரும். கடன் வாங்கி வீடு வாங்குபவருக்கு அவருடைய வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் போடும் மதிப்பு உங்கள் விலையைவிடக் குறைந்தால், வித்தியாசத்தை வாங்குபவர் தன் கையிலிருந்து போட வேண்டும். பலரால் முடியாது. அட்வான்ஸ் வாங்கிய பிறகு வியாபாரம் முறிந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் மதிப்பீட்டுக்கு மேல் பேரத்துக்காக 3 அல்லது 4 சதவீதம் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

விளம்பரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில், காலி செய்து சுத்தம் செய்த அறைகளைப் படம் எடுங்கள். பரப்பளவு, கட்டிய ஆண்டு, விலை மூன்றையும் மறைக்காமல் போடுங்கள். முதல் மூன்று வாரத்தில்தான் அதிகம் பேர் பார்ப்பார்கள். போனே வரவில்லை என்றால் விலையில் அல்லது படத்தில் கோளாறு. நிறையப் பேர் வந்து பார்த்தும் ஒருவரும் விலை பேசவில்லை என்றால், வீட்டுக்குள் ஏதோ கண்ணை உறுத்துகிறது. ஈரம் கோத்த சுவர், நாற்றம், இருட்டான சமையலறை என்று எதுவாகவும் இருக்கலாம், வந்தவரிடமே கேட்டுவிடுங்கள்.

உங்களுக்குப் பயம் என்றீர்களே, பெரும்பாலும் அது போனில் பேசுவதைப் பற்றித்தான் இருக்கும். வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "கடைசி விலை என்ன, சொல்லுங்க." பார்க்காத வீட்டுக்குக் கடைசி விலை கிடையாது. "வந்து பாருங்கள், பிடித்திருந்தால் உட்கார்ந்து பேசலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். கடனா, கையிருப்பா? கடன் என்றால் வங்கி முன்அனுமதிக் கடிதம் இருக்கிறதா? இதை வாங்க அவர் முதலில் வேறு எதையாவது விற்க வேண்டியிருக்கிறதா? பதில் சொல்லத் தயங்குபவருக்காக நீங்கள் மூட்டுவலியோடு போய்க் கதவைத் திறக்க வேண்டாம். வீட்டைக் காட்டும்போது ஒருவர் மட்டும் தனியாக இருக்காதீர்கள், மகளையோ மருமகனையோ கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கமிஷன் பங்கைக் கேட்டு வருபவருக்கு உடனே இறங்கிவிடாதீர்கள். குறைப்பதாக இருந்தால் ஏதாவது ஒன்றுக்கு ஈடாகக் குறையுங்கள். "இன்னும் நாற்பத்தைந்து நாளில் கிரயம் முடித்துக்கொள்வதாக இருந்தால் 1 சதவீதம் குறைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். தாமதம் உங்களுக்கு மாதம் 0.55 என்பது தெரிந்திருப்பதால், வேகத்துக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்பது வழக்கறிஞர் விஷயத்தில். வாங்குபவருடைய வழக்கறிஞரையே இரு தரப்புக்கும் வைத்துக்கொண்டு செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். உங்களுக்கென்று தனியாக ஒருவர் வேண்டும். கடன் பாக்கி இருப்பதால் அசல் பத்திரங்கள் வங்கியில் இருக்கும். கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும், வங்கியிடம் என்னென்ன ஆவணங்கள் உள்ளன, கட்டிய பிறகு எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்ற மூன்றையும் விளம்பரம் போடும் முன்பே வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவர் கேட்கும்போது தேட ஆரம்பித்தால் ஒரு மாதம் அதிலேயே போய்விடும். வீடு இருவர் பெயரில் என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். அனுமதி இல்லாமல் பின்னால் ஒரு அறை எடுத்திருந்தால், கூரை ஒழுகினால், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்து விற்று, பிறகு வழக்கு என்று அலைவதைவிட விலையில் கொஞ்சம் விட்டுவிடுவது மேல்.

ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் எவ்வளவு, வங்கி கடன் தராவிட்டால் அது திரும்பக் கிடைக்குமா, கிரயத்துக்குக் கடைசித் தேதி எது, யார் எந்தக் கட்டணத்தைக் கட்டுவது, மின்விசிறி, அலமாரி போன்றவற்றில் எது வீட்டோடு போகிறது என்று எல்லாம் இருக்கட்டும். பிறகு மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஆவண நகல் கொடுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் வாங்குபவர் பெயரையும் தேதியையும் "பார்வைக்கு மட்டும்" என்பதையும் எழுதிக் கொடுங்கள். முழுப் பணமும் வரும் முன் வாங்குபவருக்கோ அவர் காட்டும் ஆளுக்கோ பவர், அதாவது உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம், எழுதிக் கொடுக்காதீர்கள், சாவியும் கொடுக்காதீர்கள். பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டும் படத்தை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் விழுந்ததை நீங்களே வங்கியில் உறுதிசெய்யுங்கள். "தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியை உடனே திருப்பி அனுப்புங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விற்ற லாபத்துக்கு வரி வரலாம். வீட்டில் செய்த பெரிய வேலைகளுக்கான பில்கள் பழைய பெட்டியில் கிடந்தால் எடுத்து வையுங்கள். பல நாடுகளில் அவற்றை லாபத்திலிருந்து கழிக்க இடமுண்டு. அட்வான்ஸ் வாங்கும் முன் ஒரு வரி ஆலோசகரை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். மதிப்பீட்டு அறிக்கையும் வங்கிக் கடிதமும் கைக்கு வந்த நாளிலிருந்து எட்டு வாரம் நீங்களே முயன்று பாருங்கள். அதுவரை போகும் 1.1-ஐத் தாங்கலாம். எட்டாவது வாரம் முடியும்போது வங்கி முன்அனுமதியோடு விலை பேசும் ஆள் ஒருவர்கூட இல்லை என்றால், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இழுக்காமல், நியாயமான விலை சொன்ன அந்த முதல் புரோக்கரிடம் கொடுத்துவிடுங்கள். இந்தத் தேதியைக் கணவரோடு இப்போதே பேசி காலண்டரில் குறித்துவிடுங்கள். அவரும் தனி உரிமை கேட்டால், மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒப்பந்தக் காலத்தில் அவர் காட்டிய ஆள் பிறகு எப்போது வாங்கினாலும் கமிஷன் உண்டு என்ற வரி அதில் இருக்கலாம். அதற்கு ஒரு கால வரம்பு போடச் சொல்லுங்கள். இந்த எட்டு வாரத்தில் உங்களிடம் நேராக வந்து வீட்டைப் பார்த்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வந்து, அவர்களில் யார் வாங்கினாலும் கமிஷன் கிடையாது என்று அந்தப் பட்டியலையும் ஒப்பந்தத்தோடு சேர்த்துவிடுங்கள்.