தம்பி, அந்தக் கட்டத்தில் கத்தோலிக்கர் என்றே எழுதுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஜெர்மனிக்கு வந்து, ரைன்லாந்துப் பக்கம் வீடு எடுத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, முகவரி பதியும் படிவத்தில் மதம் கேட்கிறார்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால் வரி பிடிப்பார்களாம். மதம் இல்லை என்று போட்டுவிடச் சொல்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கோயிலுக்குப் போனோம். கொஞ்சம் வயசாளிகள் மட்டும்தான், ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் ஊர்ப் பூசையை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாமா?”

வரியை முதலில் முடித்துவிடுவோம். சம்பளத்தில் 9 சதவீதம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. உங்களிடம் பிடிக்கிற வருமான வரியில்தான் 9 சதவீதம். மாதம் 400 யூரோ வருமான வரி என்றால் கோயிலுக்கு 36 யூரோ. பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம். பிள்ளைகள் இருந்தால் இன்னும் குறையும், வருடக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்தும் காட்டலாம். நாம் ஒன்றும் வரி தெரியாத ஆட்கள் இல்லையே! எங்கள் வள்ளியூர்ப் பக்கத்துக் கிராமங்களில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கட்டுகிற தலைக்கட்டு வரியைப் பாக்கி வைத்துக்கொண்டு, கோயிலில் கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், கோயில் கமிட்டி சும்மா விடுமா? இங்கே கமிட்டிக்குப் பதிலாக அரசாங்கம் வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

மதம் இல்லை என்று எழுதினால் மிச்சமாகும் பணத்தைவிட வரப்போகிற சிக்கல் பெரிது. பங்கு, அதாவது உங்கள் வட்டாரக் கோயில், வைத்திருக்கும் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்காது. நாளைக்கு யாருக்காவது ஞானத்தகப்பனாக நிற்கச் சான்று கேட்டால் கிடைக்காது. உங்கள் மூத்தவள் மூன்றாம் வகுப்புக்கு வரும்போது முதல் முறை நற்கருணை வாங்குவதற்கான புதுநன்மை வகுப்புக்கு அழைத்துப் பங்கிலிருந்து கடிதம் வரும். அந்தக் கடிதம் யார் யாருக்குப் போக வேண்டும் என்பதை நகராட்சிப் பதிவை வைத்துத்தான் பார்க்கிறார்கள். கத்தோலிக்கர் என்று பதிந்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்றால், உங்கள் மாநிலத்தில் நீதிமன்றத்துக்குப் போய் எழுதிக்கொடுக்க வேண்டும். அப்படி விலகியவர்களுக்கு நற்கருணை உட்பட அருளடையாளங்கள் இல்லை என்று இந்நாட்டு ஆயர்கள் 2012இல் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அது கடுமையாகத்தான் படுகிறது. ஆனால் நடைமுறை அதுதான்.

அடுத்து, யாரும் பேசவில்லை என்கிற குறை. நம்மூரில் பூசை முடிந்தால் கோயில் முற்றத்தில் அரைமணி நேரம் ஊர்க்கதை ஓடும். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் மறுநாள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள். இங்கே உங்களை யாரும் விசாரிக்க மாட்டார்கள். அது வெறுப்பு இல்லை, கூச்சம். இவர்களிடம் பேச்சு வேலையில்தான் தொடங்கும். கோயிலின் பின்கதவுப் பக்கம் ஒரு தாள் தொங்கும். பங்குத் திருவிழாவுக்கு யார் கேக் கொண்டு வருவது, யார் மேசை போடுவது என்று பெயர் எழுதுகிற தாள். உங்கள் பெயரை அதில் எழுதுங்கள். ஆப்பிள் கேக்குகளுக்கு நடுவே என் மனைவி முந்திரிக்கொத்து கொண்டு போய் வைத்தாள். அதை எப்படிச் சாப்பிடுவது என்று முதலில் சுற்றி நின்று பார்த்தார்கள், அப்புறம் தட்டு காலி. பாசிப்பயறு, வெல்லம் என்று அவள் தட்டுத்தடுமாறிச் சொல்ல, ஒரு பாட்டி பையிலிருந்து ரசீதை எடுத்து அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டார். இன்றைக்கும் எங்களுக்கு இங்கே முதல் ஆள் அந்தப் பாட்டிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பங்கை நினைத்து ரொம்ப உருகவும் வேண்டாம். வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து வைத்திருந்த சுவர் 1910இல்தான் இடிபட்டது. சப்பரம் எந்தத் தெருவுக்குள் போகலாம் என்பதில் அதற்குப் பிறகும் எத்தனை ஊரில் சண்டை! இங்கே எந்தத் தெரு என்று உங்களை யாரும் கேட்கப் போவதில்லை. நம்மவர்கள் கூடுகிற இடத்தில் அந்தக் கேள்வி சுற்றி வளைத்து வந்தால், பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள்.

பிள்ளைகளை முன்னால் விடுங்கள், மொழி அவர்களுக்குத்தான் சீக்கிரம் வரும். நவம்பர் 11ஐ ஒட்டிப் புனித மார்ட்டின் நாளில் காகித விளக்கு ஏந்தி ஊர்வலம் போவார்கள், முன்னால் குதிரையில் ஒருவர் வருவார். ஜனவரி தொடக்கத்தில் மூன்று ராஜாக்கள் வேடத்தில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வந்து, வாசல் நிலையில் சாக்கட்டியால் ஆசீர் எழுதிப் போவார்கள். அவர்கள் வசூலிக்கும் பணம் பிற நாட்டுப் பிள்ளைகளுக்குப் போகிறது, இந்தியாவுக்கும் வருகிறது. உங்கள் மகளுக்கும் ஒரு கிரீடம் கேளுங்கள். குருத்து ஞாயிறுதான் அவளுக்கு ஏமாற்றமாக இருக்கும். சிலுவை மடிக்க ஓலை கிடைக்காது, கையில் சின்ன இலைச் செடிக்கொப்பு ஒன்றைக் கொடுப்பார்கள்.

யூடியூப் பூசையை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பாளையங்கோட்டையில் காலைப் பூசைக்கு மணி அடிக்கும்போது இங்கே நடுச்சாமம், எப்படியும் பதிவாகத்தான் பார்ப்பீர்கள். பாட்டுக்காகப் பாருங்கள். ஞாயிறு கடனுக்கு நேரில் போங்கள். ஜெர்மன் புரியாவிட்டால் பரவாயில்லை. பூசை ஒழுங்கு அதேதான், பாட்டு எண் சுவரில் தெரியும், பாட்டுப் புத்தகம் வாசலில் இருக்கும். பங்குச் சாமியாரே கேரளாக்காரராகவோ தமிழராகவோ இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

தமிழ்ப் பூசை வேண்டும் என்றால் ஈழத்தமிழர்களைத் தேடுங்கள். பல நகரங்களில் அவர்கள் நடத்துகிறார்கள், நமக்கும் இடம் உண்டு. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கெவலாரில் தமிழர்கள் கூடுவார்கள். நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்து ஊர், 1642லிருந்து மாதா பக்தி உள்ள தலம். கோயில் பெரிது, மாதா படமோ உள்ளங்கை அளவுக் காகிதப் படம். இலங்கையின் மடு மாதாவைக் கும்பிட்டு வளர்ந்தவர்களும், சேலையும் பொட்டுமாக இந்துக் குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் வருவார்கள். காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவுக்கு லீவு கிடைக்காத வருத்தம் அன்றைக்குப் பாதி தீரும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

வீட்டு ஜெபமாலைக்கு அக்டோபர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு மலையாளக் குடும்பம் இருந்தால்கூடப் போதும், சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு மொழியில் சொல்லலாம். தெருவில் ஒலிபெருக்கி மட்டும் கிடையாது, இரவு பத்து மணிக்கு மேல் பாட்டும் கிடையாது.

இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஊர்ப் பங்குச் சாமியாரிடம் சொல்லி நான்கு பேருக்கும் ஞானஸ்நானச் சான்று, உங்கள் இருவருக்கும் கோயில் கல்யாணச் சான்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் மட்டும் இருந்தால் இங்கே மொழிபெயர்ப்புக்குத் தனியாகக் காசு போகும், ஆங்கிலத்தில் கேளுங்கள். கையில் வந்ததும் பங்கு அலுவலகம் எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பார்த்துக்கொண்டு போங்கள். அங்கே இருக்கிற செயலாளர் அம்மாவைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சாமியார் மூன்று நான்கு கோயில்களைப் பார்க்கிறவர், அவரைப் பிடிப்பதுதான் கஷ்டம்.