பெயர் வெட்டாத ஏனங்கள்

ஐயா, வணக்கம். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் ஆயுள் முழுவதும் சமையல் வேலை பார்த்த என் அப்பத்தா சென்ற ஆண்டு காலமானார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்குக் குன்றக்குடிப் பாதையோரம் அமர்ந்து, காலில் ஊற்றிக்கொள்ள வெந்நீர் கொடுப்பார். ஏனங்களில்கூடப் பெயர் வெட்டி வைக்கும் எங்கள் பக்கத்தில் அவர் பெயர் எதிலும் இல்லை. இப்படியொரு வாழ்க்கையில் இறைவனுக்கு என்ன நோக்கம் இருந்திருக்கும்? வீட்டுப் பூசையில் அடியார்களோடு அவரையும் வணங்கலாமா?
– வாசகி, காரைக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாவட்டத்து இளையான்குடியில் வாழ்ந்த நாயன்மாரான மாறனாரின் வரலாற்றை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மழை பெய்யும் இரவில் அடியார் ஒருவர் பசியோடு வந்து நிற்க, பகலில் விதைத்த நெல்லை வாரி வந்தால் அமுதாக்கலாம் என்று வழி சொன்னவர் அவருடைய மனைவியார். அந்த முளைநெல்லை வறுத்துக் குத்தி உலையிலிட்டவரும், கணவர் கூரையிலிருந்து அறுத்துத் தந்த கழிகளை விறகாக்கி, அவர் பறித்து வந்த கீரையைப் பலவகைக் கறியாகச் சமைத்தவரும் அவரே. பெரியபுராணம் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் இறைவன் மாறனாரை அழைக்கும்போது மனைவியோடு வரும்படியே அழைக்கிறான்.

வெந்நீர் வாங்கியவர்களில் யாரோ ஒருவர் பின்னாளில் பெருங்காரியம் செய்திருப்பார், அதற்காகவே அப்பத்தா பிறந்தார் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல ஆள் இருப்பார்கள். அவருடைய தொண்டை இன்னொருவர் பெருமைக்குப் படிக்கல்லாக்கும் அந்த ஆறுதலை நான் ஏற்கவில்லை. கொப்புளம் கண்ட காலுக்கு அந்நேரம் வேண்டியிருந்தது வெந்நீர். அது கிடைத்தபோதே இறைவனின் நோக்கம் அந்தப் பாதையோரத்தில் முழுமையாக நிறைவேறிவிட்டது என்றே நம்புகிறேன்.

வறுமையிலும் மாறனார் தொண்டில் தளரமாட்டார் என்று உலகுக்குக் காட்டவே அவருடைய செல்வம் மறைந்தது என்கிறார் சேக்கிழார். அந்த விளக்கத்தை உங்கள் அப்பத்தாவின் வாழ்க்கைக்குப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை. ஓய்வில்லாத அடுப்படி வேலை என்பது மனிதர்கள் அவர்மேல் வைத்த சுமை. அதை இறைவன் கணக்கில் எழுதக் கூடாது.

பூசையில் அவரைத் தாராளமாக வணங்குங்கள். சிவனடியார்களைப் போற்றும் திருத்தொண்டத்தொகையில் தனியடியார் 60 பேரோடு, கூட்டமாகச் சொல்லப்படும் தொகையடியார் ஒன்பது வகையினரையும் வணங்கிய சுந்தரர், அந்த ஒன்பதில் ஒரு வகையாகக் காலத்தாலும் இடத்தாலும் அப்பாற்பட்டவர்களையும் சேர்த்து 'அப்பாலும் அடிச்சார்ந்த அடியார்க்கும் அடியேன்' என்று பாடியிருக்கிறார். அந்த வரியை ஓதும்போது அப்பத்தாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்.