அப்பாயியோட ஈபிஎஃப் காசுல கை வைக்காதீங்க அக்கா

போன வாரம் இலங்கை மலையகத்துல, பொகவந்தலாவ பக்கத்து தேயிலைத் தோட்டம் ஒண்ணுல இருந்து ஒரு அக்கா மகனோட வந்திருந்தாங்க. மகனுக்கு ஓலெவல்ல (பதினோராம் வகுப்புப் பரீட்சை) சித்திரத்துக்கு ஏ, கணக்குக்கு வெறும் பாஸான எஸ். கொழும்புல கடையில நிக்கிற மாமா "கேம்பஸ் போக எழுதுற ஏலெவலே வேணாம், பிரைவேட்டா ஐடி டிகிரி செய்யட்டும்"னு சொல்லிட்டாராம், காசுக்கு அப்பாயியோட ஈபிஎஃப் (வேலை செஞ்ச காலத்துல சேந்த சேமலாப நிதி) இருக்காம். பயப்படாதீங்கன்னுதான் நானும் ஆரம்பிச்சேன், அந்த ஈபிஎஃப் பேச்சு வந்ததும் வாய அடக்க முடியல.

அது ஒரு ஆயுசு பூரா கொழுந்து பறிச்ச காசு அக்கா. கணக்குன்னாலே ஓடுற பிள்ளைய ப்ரோக்ராமிங்ல தள்ளி, காசும் தீந்து பாதியில திரும்பி வந்து நிக்கிறவங்கள நான் பாத்தாச்சு. மத்த வழியெல்லாம் ஊரே சொல்லும், அத விடுங்க.

பையன் ஒரு படம் கொண்டு வந்தான். அடுப்புக்கரியில லயத்து (தோட்டத்து வரிசை வீடு) சுவத்துல கிறுக்க ஆரம்பிச்சவன், அப்புறம் பேஸ்டல், வாட்டர் கலர், போஸ்டர் கலர்னு வந்து இப்ப ஆயில் பெயின்ட்ல நிக்கிறான். மாவு சாக்குத் துணியில அப்படியே அடிச்சிருக்கான், கலர சுத்தி எண்ணெய் ஊறி மஞ்சளா வட்டம் போட்டிருக்கு, ரெண்டு வாரமாச்சாம், தொட்டா இன்னும் ஒட்டுது, அடுப்புப் புகைக்கரி வேற மேல அப்பியிருக்கு. ஆனா அந்த இஸ்தோப்புல (முன் திண்ணையில) உக்காந்திருக்க அப்பாயியோட கை இருக்கே, அது சும்மா வராது.

தம்பி, ஆயில் தண்ணி மாதிரி ஆவியாகி காயாது, லின்சீட் எண்ணெய் காத்துல உள்ள ஆக்சிஜனோட சேந்துதான் இறுகும், மெல்லிசா அடிச்சாலே சில நாள் ஆகும், நம்ம பனிக்கும் குளிருக்கும் இன்னும் இழுக்கும். துணிக்கு மொதல்ல ஜெசோங்கிற வெள்ளை அடிப்பூச்சு அடிக்கணும், இல்லாட்டி எண்ணெய் துணியவே தின்னுடும். அடிப் பூச்சுல எண்ணெய் கம்மியா இருக்கணும், மேல மேல அடிக்கிற பூச்சுல போகப்போக கூட்டணும். இன்னொண்ணு, எண்ணெய் துடைச்ச துணிய சுருட்டி அடுப்புப் பக்கம் போடவே போடாத, அது தானாவே சூடாகி பத்திக்கும்.

சரி, படிப்புக்கு வருவோம். ஏலெவல் கலைப் பிரிவுல சித்திரத்த ஒரு பாடமா எடுக்கட்டும். அதுக்கப்புறம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கு, மட்டக்களப்புல சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கு, ரெண்டுலயும் ஓவியத்த தமிழ்லயே டிகிரியா செய்யலாம். ஹட்டன்ல பிறந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்துல படிச்சவங்கதான். அரசாங்க கேம்பஸ்ல கோர்ஸ் ஃபீஸ் கிடையாது, செலவுக்கு மஹாபொல புலமைப்பரிசில் இல்லாட்டி பர்சரி உதவிப்பணத்துக்கு போடலாம். ஏலெவல் மார்க்க வச்சு கேம்பஸுக்கு எடுக்கப் போடுற இசட் ஸ்கோர் மட்டும் பத்தாது, ப்ராக்டிகல் டெஸ்டும் பாஸ் பண்ணணும், அதுக்கு தனியா அப்ளிகேஷன் கூப்பிடுவாங்க. அந்த விளம்பரத்த பாக்காமலே வாய்ப்ப விட்ட பிள்ளைங்க இருக்காங்க. அதனால இப்ப ஆயில் டியூப்ல காசக் கொட்டாம பென்சில், வாட்டர் கலர்ல தினம் ஒரு மணித்தியாலம் கைய வளைக்கட்டும்.

படம் வித்தே சாப்பிடுவான்னு நான் வாக்கு தரல அக்கா. டிகிரிய வச்சு சித்திர டீச்சராவும் போகலாம், சித்திர டீச்சர் இல்லாத தோட்டப் பாடசாலை எத்தனைன்னு உங்களுக்கே தெரியும்.

மாமா நம்பர அனுப்புங்க, நானே பேசுறேன். அந்த சாக்குப் படத்த அடுப்பங்கரையில இருந்து எடுத்து முன்னறையில மாட்டுங்க, அடுத்த மாசம் வரும்போது கொண்டு வாங்க, காஞ்சிருக்கான்னு பாப்போம்.