எல்லை தாண்டும் ரயில்களின் விதிகளை நாடாளுமன்றம் பார்க்கிறதா?

தில்லி கரோல்பாக்கில் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கிற நம்மவர்கள் அடிக்கடி கேட்பது: நேபாளம், வங்கதேசம் போகிற ரயில்களுக்கான விதிகளை எம்.பி.க்கள் சரிபார்க்கிறார்களா?

ஒப்பந்தத்தையும் விதியையும் பிரித்துப் பாருங்கள். இரு நாட்டு ரயில் ஒப்பந்தத்தில் அரசே கையெழுத்திடலாம். நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. அதை நிறைவேற்றச் சட்டம் தேவைப்பட்டால்தான், அதை இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 253வது பிரிவு வருகிறது.

விதிகளின் கதை வேறு. ரயில்வே சட்டம், 1989-இன் கீழ் மத்திய அரசு போடும் விதிகளை, அச்சட்டத்தின் 199வது பிரிவின்படி, இரு அவைகளிலும் கூட்டத்தொடர் நடக்கும் 30 நாட்களுக்கு மேசையில் வைக்க வேண்டும், அதாவது உறுப்பினர்கள் பார்க்க அவையில் முறைப்படி தாக்கல் செய்ய வேண்டும். அந்த 30 நாள் ஒரே தொடரில் முடியாவிட்டால் அடுத்த தொடருக்கும் நீளும். திருத்தவோ ரத்து செய்யவோ இரு அவைகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படி ரத்தானாலும் அதுவரை நடந்தது செல்லும். இதனால் இந்த அதிகாரம் காகிதத்தில் பெரியது, நடைமுறையில் சிறியது. உண்மையில் வேலை நடப்பது சார்புநிலைச் சட்டக் குழுவில்தான்: ஒவ்வொரு அவைக்கும் ஒன்று, 15 உறுப்பினர்கள், அமைச்சர்களுக்கு இடமில்லை. சட்டம் தந்த அதிகாரத்தை விதி மீறுகிறதா, மேசையில் வைக்கத் தாமதமானதா என்று குடைவார்கள்.

பெரிய ஓட்டை, ரயில்வே அமைச்சகத்தின் தலைமையகமான ரயில் பவனிலிருந்து வரும் சுற்றறிக்கைகள். அவை விதிகள் அல்ல என்பதால் மேசைக்கே வராது. ஓர் ஆவணம் எந்த வகை என்று அறிய, அரசிதழில் ஜி.எஸ்.ஆர். எண்ணோடு (விதிகளுக்கு அரசிதழ் தரும் வரிசை எண்) வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு அதே எண்ணை மக்களவை இணையதளத்தின் 'மேசையில் வைக்கப்பட்ட தாள்கள்' பகுதியில் தேடலாம்.