தலைப்பிரசவம்: சூட்டு வலியா, பிரசவ வலியா?

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம். 37 வாரம் முடிந்துவிட்டது. கேரளாவின் பூப்பாறையில் ஏலத்தோட்டக் குடியிருப்பில் இருக்கிறேன். அம்மா வீடு போடியில். மூன்று நாளாகப் பொழுது சாய்ந்தால் வயிறு கல்லாக இறுகி, பிறகு இளகிவிடுகிறது. மாமியார் சூட்டு வலி என்கிறார். நிஜ வலி என்று எப்படித் தெரியும்? எப்போது மலையிறங்க வேண்டும்?

பதில்: மாமியார் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கடைசி வாரங்களில் கர்ப்பப்பை இப்படி இறுகிப் பழகும். இறுகும்போது சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீரோ சீரகத் தண்ணீரோ குடித்து, இடப்பக்கமாக ஒரு மணி நேரம் படுங்கள். அடங்கினால் பொய் வலி. சிறுநீர் எரிந்தால் மட்டும் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீர்த் தொற்றும் வயிற்றை இறுகச் செய்யும்.

நிஜ வலி படுத்தாலும் நடந்தாலும் விடாது. பெரும்பாலும் நடு இடுப்பில் பிடித்து, சுற்றி அடிவயிற்றுக்கு வரும். நேரம் போகப் போக வலி நீளும், கூடும், நெருங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது பேச்சு நின்றுவிடும்.

இடைவெளியைக் கணக்கிடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை எண்ண வேண்டும். 7.00 மணிக்குத் தொடங்கி 7.01-க்கு அடங்கி, அடுத்தது 7.08-க்கு வந்தால் இடைவெளி 8 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குத் தாளில் குறித்து வையுங்கள்.

முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் மெலிந்து, பிறகு திறக்க வேண்டும். அதற்குப் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் முழுதும்கூட ஆகும். ஆகவே மருத்துவமனை பக்கத்தில் இருப்பவர்களிடம், 5 நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் 1 நிமிடம், இப்படி 1 மணி நேரம் வந்தால் கிளம்பச் சொல்வோம். உங்களுக்கு அந்தக் கணக்கு ஆகாது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இரவு மூடுபனியையும் அந்த வலியோடு கடக்கக் கூடாது. 10 நிமிட இடைவெளியில் ஒரு மணி நேரம் சீராக வந்தாலே புறப்படுங்கள். என்னைக் கேட்டால், வலிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு இந்த வாரமே பகலில் அம்மா வீட்டுக்கு இறங்கிவிடுங்கள்.

வெள்ளைச் சளிபோல, லேசாக ரத்தம் கலந்து வந்தால் பதற வேண்டாம். அதன்பின் வலி தொடங்கச் சில நாள்கூட ஆகலாம். ஆனால் மாதவிலக்குபோல ரத்தம் போனால் உடனே மருத்துவமனை.

பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும், தாமதித்தால் கிருமி ஏறும். எல்லோருக்கும் குபுக்கென்று கொட்டாது. சொட்டுச் சொட்டாகவும் கசியும். சிறுநீரா என்று சந்தேகமானால் உலர்ந்த நாப்கின் வைத்து அரை மணி நேரம் படுத்து எழுங்கள். அடக்க முடியாமல், சிறுநீர் வாடையின்றி நனைந்தால் பனிக்குட நீர் என்றே கொள்ளுங்கள். தெளிவாகத் தெரியாவிட்டாலும் காட்டிவிடுவதே நல்லது. நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது; ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். தொப்புள்கொடி வெளியே தட்டுப்பட்டால் அதை உள்ளே தள்ளாமல், இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்திப் பக்கவாட்டில் படுத்தபடி 108-ஐ அழையுங்கள்.

குழந்தையின் அசைவு குறைந்தால், "வலி வரப்போகுது, அதான் அமைதியா இருக்கு" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பிரசவம் நெருங்கினாலும் அசைவு குறையக் கூடாது. கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். இவை எதற்கும் இடைவெளி எண்ணிக்கொண்டு இருக்கக் கூடாது.

வலி வரவைக்க விளக்கெண்ணெய் குடிக்காதீர்கள். வயிற்றுப்போக்கில் உடல் வறண்டுபோகும். வலி தொடங்கியதும் கஞ்சி, இட்லி போன்றவற்றைக் கொஞ்சம் சாப்பிடலாம்.

ஸ்கேன் அறிக்கைகள், ரத்த வகைச் சீட்டு, தாய் சேய் அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். போடியில் பிரசவம் என்றால் பிக்மி எண், அதாவது தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண், வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். அம்மா வீட்டுப் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இப்போதே பதிந்துவிடுங்கள். இரவிலும் சிசேரியன் செய்யும் வசதி போடியிலேயே உண்டா, தேனி தாண்டி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.