லீசிங் காரைக் கொடுத்து மாற்றலாமா?
தம்பி, ஆல்டோவுக்கு இன்னும் இரண்டு வருட லீசிங் தவணை கட்ட இருக்க, அதைக் கொடுத்துவிட்டுப் பெரிய கார் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில், இன்றே முழுவதையும் கட்டி முடிக்க எவ்வளவு என்று லீசிங் கம்பனியிடம் எழுத்தில் வாங்குங்கள். மாதத் தவணையைப் பெருக்கிப் பார்ப்பது சரிவராது, அதில் இனி வரும் வட்டியும் இருக்கிறது. அப்புறம் இரண்டு மூன்று இடங்களில் காருக்கு விலை கேளுங்கள். விலை கடனைவிடக் குறைவென்றால் மாற்றவே வேண்டாம்; அந்த மிச்சக் கடன் புதிய லீசிங்கில் ஏறி, அதற்கும் வட்டி கட்டுவீர்கள்.

நிலாவெளியில் கடற்கரை ஓரமாக நிற்கிற கார் என்றீர்களே, அடிப்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். என் காரில் கதவுக்கடியில் விரலால் அழுத்தினேன், துரு பொலபொலவென்று கொட்டியது. உங்களுடையதில் அப்படி இல்லையென்றால், லீசிங் முடியும்வரை வைத்து ஓடுங்கள்.